ஸ்டேஷனிலிருந்து நானூறு மீட்டர்

அத்தியாயம் 14

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், வறுத்த ஆட்டிறைச்சியைத் தட்டில் பாதி வைத்துவிட்டு டாம்சின் எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் இல்லை. கிளெனிஸும் கூப்பிடவில்லை. பிடிவாதத்தில் தாய்க்கு மகள் சளைத்தவள் இல்லை என்பது இந்தக் குடும்பத்தை வாராவாரம் பார்த்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அது ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை எப்படி ஓட்டுப் போடப் போகிறாய் என்று மகள் கேட்டாள். எதிர்த்துத்தான் என்று கவுன்சிலர் கிளெனிஸ் பிரவுஸ் சொன்னாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

காலை ஏழு மணிக்குச் சமையலறை மேஜையில் அவள் லேப்டாப்பைத் திறந்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு மின்னஞ்சல்கள் காத்திருந்தன. அதில் பாதி ஒரே கடிதம், கீழே பெயர் மட்டும் வேறு. மறுபாதியும் அப்படியே, ஆனால் வேறு கடிதம். ஆல்டர்ட்டன் ஸ்டேஷனைச் சுற்றி நானூறு மீட்டருக்குள் ஆறு மாடி வரை கட்டிக்கொள்ளலாம் என்ற திட்டத்தைத் தோற்கடி என்றது முதல் கட்சி. நிறைவேற்று என்றது இரண்டாவது கட்சி.

அறுபது வயதில், மூன்றாம் தடவை கவுன்சிலராகி, இரண்டு கடிதமும் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தன. நூறு வருஷத்துச் செங்கல் வீடுகள், மரங்கள், பின்கட்டில் விழப்போகும் நிழல், காரை எங்கே நிறுத்துவது என்று ஒரு பக்கம். வாடகை, ஊரை விட்டுப் போன பிள்ளைகள், பாதி காலியாக ஓடும் ரயில் என்று மறுபக்கம். இரண்டிலும் உண்மை இருந்தது. பொய்யாக இருந்தால் இவ்வளவு களைத்திருக்க மாட்டாள்.

கவுன்சிலில் பதினோரு பேர். ஐந்து பேர் ஆதரவு. மேயரோடு சேர்த்து ஐந்து பேர் எதிர்ப்பு. மிச்சம் இருப்பது கிளெனிஸ். சமமாக விழுந்தால் மேயருக்கு இரண்டாவதாக ஒரு ஓட்டு உண்டு என்பதால் அவள் வராமல் இருந்தாலும் திட்டம் தோற்றுவிடும். ஒருமுறை தோற்றால் மறுபடி எடுக்க மூன்று வருஷமாவது ஆகும். தான் எதிர்த்துப் போடுவேன் என்று ஏப்ரல் மாதமே குடியிருப்போர் சங்கத்தின் பத்திரிகையில் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் அன்றைக்கே முடிந்துவிட்டது.

ஒன்பதரை மணிக்கு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். இந்த ஊரில் ஆகஸ்ட் குளிர்காலம்; காற்று கோட்டுக்குள் புகுந்தது. டிக்கெட் கதவுக்கு வெளியே மடக்கு மேஜை போட்டு, சங்கத் தலைவர் பேஸில் கிராமண்ட் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் பல் டாக்டராக இருந்தவர். வாயைத் திறந்தபடி கிடப்பவர்களிடமே பேசிப் பழகியதால் பதிலை எதிர்பார்க்கும் வழக்கம் அவருக்குப் போய்விட்டது. பிளாஸ்க்கிலிருந்து அவளுக்குத் தேநீர் ஊற்றினார். சாயங்காலம் முதல் இரண்டு வரிசையையும் நம் ஆட்கள் பிடித்துவிடுவார்கள், கவலையே வேண்டாம் என்றார்.

"நீ ஒண்ணும் பேசக்கூட வேண்டாம், கிளெனிஸ். கையத் தூக்கினாப் போதும்."

அவள் தேநீரைக் குடித்துவிட்டு, பேச்சு வளர்வதற்குள் கார் பார்க் வழியாகக் கிளம்பினாள். கடைசி வரிசையில், சுவரை ஒட்டி, ஒரு நீல நிறச் சின்னக் கார் நின்றது. ஜன்னலில் ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றை மேலே செருகி மறைத்திருந்தார்கள். முன்கண்ணாடி வழியாக, சாய்த்த இருக்கையில் கோட்டைப் போர்த்திக்கொண்டு வாயைத் திறந்து தூங்கும் தன் மகளைக் கிளெனிஸ் பார்த்தாள்.

முதலில் எழுப்பத் தோன்றவில்லை. போய் இரண்டு காபி வாங்கிக்கொண்டு வந்தாள். பிறகு கண்ணாடியை விரலால் தட்டினாள்.

டாம்சினுக்கு முப்பத்திரண்டு வயது. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் அவள் துணைவன் கோரானும் குடியிருக்கும் பிரிண்டில் கிரீக் நகரத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. அங்கே வீடுதான் வந்திருக்கிறது, ரயில் வரவில்லை. கார் கதவைத் திறந்து, காபியை வாங்கிக்கொண்டு, தாயைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கோபமாக இருப்பதற்குக்கூட அவள் முழுசாக விழித்திருக்கவில்லை.

"எவ்வளவு நேரமா இங்க இருக்க?"

"நைட் ஷிப்ட் முடிஞ்சு எட்டு மணிக்கு வந்தேன். ஒரு மணிக்கு டிரெய்னிங் இருக்கு. வீட்டுக்குப் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். அப்புறம் எங்க தூங்கறது?"

"நம்ம வீடு இங்கேர்ந்து அஞ்சு நிமிஷம்டி."

"தெரியும்மா."

"பின்னே?"

"படுக்க இடம் கேட்டு வந்தா, ஓட்டுக் கேட்டு வந்த மாதிரி இருக்கும். நீ அந்தப் பத்திரிகையில எழுதினதுலேர்ந்து எனக்கு அப்படித்தான் இருக்கு. அதான் வரல."

ஏப்ரலிலிருந்தா என்று கேட்டாள் கிளெனிஸ். வாரத்தில் இரண்டு நாள்தான், பெரிசு பண்ணாதே என்றாள் மகள். பிறகு, காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, போன மாதம் நடந்த ஒன்றைச் சொன்னாள். வீட்டுக்குப் போகிற வழியில் சிவப்பு விளக்கில் நின்றவள், நின்றபடியே தூங்கிவிட்டாள். பின்னால் இருந்த லாரிக்காரன் இறங்கி வந்து கதவைத் தட்டினான். திட்டவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் கூடவே நின்றானாம். இதைச் சிரிப்புக் கதை மாதிரிதான் சொன்னாள். கிளெனிஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓட்டைப் பற்றி டாம்சின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் மூன்று நிமிஷம் பேசப் பெயர் கொடுத்திருப்பதாக மட்டும் சொன்னாள். இப்போதாவது வீட்டுக்கு வந்து படு என்று தாய் கூப்பிட்டதற்கு, இன்றைக்கு வேண்டாம் என்று தலையாட்டி, துண்டை மறுபடி ஜன்னலில் செருகினாள்.

வீட்டுக்கு நடந்த ஐந்து நிமிஷத்தில் கிளெனிஸ் மனதை மாற்றிக்கொண்டாள். வாதம் எதுவும் புதிதாகக் கிடைத்துவிடவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் கடிதத்தைப் படித்தவளுக்கு, சொந்த மகள் காரில் தூங்குவது நாலு மாதமாகத் தெரியவில்லை. ஆதரித்துப் போடுவது என்று முடிவு செய்ததும், பல வாரங்களுக்குப் பிறகு தோள் லேசானது போல இருந்தது. பேஸில் இனி ஜென்மத்துக்கும் அவளுக்குத் தேநீர் ஊற்ற மாட்டார். பரவாயில்லை.

சமையலறையில் அவள் கணவர் முர்ரே கிரில்லில் சீஸ் டோஸ்ட் போட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் யோசித்துச் செய்கிறவர் என்று தெருவில் பெயர். கிளெனிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல், கார் பார்க்கில் பார்த்ததையெல்லாம் சொன்னாள். கடைசியில் சொன்னாள்:

"சாயங்காலம் நான் ஆதரிச்சுப் போடப் போறேன், முர்ரே."

அவர் திரும்பவில்லை. டோஸ்ட்டின் ஓரம் கருகும் வாசனை வந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

"அப்ப நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், கிளென்," என்றார்.

பாத்திரம் துடைக்கும் துணிகள் வைக்கும் இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்று வாரத்துக்கு முன் கையெழுத்தானது. இரட்டைப்படை எண்களே உள்ள அவர்கள் வரிசையில் இருபத்திரண்டாம் நம்பரிலிருந்து இருபத்தெட்டு வரை நாலு வீடுகள். ஸ்டேஷன் திட்டம் நிறைவேறினால் நாலையும் சேர்த்து ஒரு கட்டடக் கம்பெனிக்கு விற்பதாக ஒப்பந்தம். நாலும் சேர்ந்தால்தான் அவர்கள் வாங்குவார்கள். ஒரு வீடு விலகினால் மற்ற மூன்றும் சும்மா. இந்த வீடு முர்ரேயின் அப்பாவிடமிருந்து அவர் பேருக்கு வந்தது. அதனால் அவர் கையெழுத்து மட்டும் போதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டு வால்மாதான் வேலி ஓரம் நின்று கேட்டாளாம். எழுபத்தொன்பது வயது, இடுப்பு எலும்பு உடைந்து இரண்டு தடவை ஆபரேஷன். படியில்லாத ஒரு சின்ன இடத்துக்குப் போக வேண்டும், உன்னால் அது கெட்டுப்போக வேண்டாம் என்று அழுதாளாம். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தான் ஒருத்தன் எப்படி முடியாது என்பது என்று கேட்டார் முர்ரே.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எதிர்த்துப் போடுவேன்னு எழுதியே கொடுத்திருந்த. திட்டம் தோத்தா இது வெறும் பேப்பர். நீ எதிர்த்துப் போட்டா, ஆதாயத்துக்குப் போட்டன்னு ஒருத்தன் சொல்ல முடியுமா? உனக்கு இதுல ஒரு கெடுதலும் வராது. நான் யோசிச்சுத்தான் செஞ்சேன்."

யோசித்துத்தான் செய்திருக்கிறார்.  இந்த ஊர்க் கவுன்சிலர்களில் பாதிப் பேருக்கு அந்த நானூறு மீட்டருக்குள் வீடு இருந்தது. குடியிருக்கிற வீடுதான் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டுப் போடலாம். அவளும் போன வாரமே கொடுத்திருந்தாள். ஆனால் தானோ, கணவனோ, மனைவியோ அந்த வீட்டை விலை பேசியிருந்தால் கதை வேறு. எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். எந்தப் பக்கம் போட இருந்தாலும் சரி, திட்டத்தைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கவுன்சிலர் தன் மைத்துனனின் கடையைப் பற்றிச் சொல்லாமல் ஓட்டுப் போட்டுவிட்டார். கண்டுபிடித்து, சபையில் சொல்லி, அவரை வெளியே போக வைத்தவள் கிளெனிஸ்தான். அந்த வாரம் அவளைத் தெருவில் எல்லோரும் நிறுத்திப் பாராட்டினார்கள்.

யாருக்குத் தெரியப் போகிறது, நாலு வீட்டுக்காரர்களும் கம்பெனியும்தானே என்றார் முர்ரே. இல்லாவிட்டால் பழையபடி எதிர்த்தே போட்டுவிடு, ஒரு பேச்சும் வராது என்றார்.

"அந்த ஆள் எழுந்து வெளிய போகும்போது அவன் முகத்த நான் பார்த்தேன், முர்ரே. அவனை அனுப்பிட்டு நான் உட்கார்ந்திருக்கறதா?"

அவர் கருகின டோஸ்ட்டை எடுத்துத் தொட்டியின் மேல் பிடித்துக் கத்தியால் சுரண்ட ஆரம்பித்தார்.  அவள் கேட்க நினைத்தது ஒப்பந்தத்தைப் பற்றி. வாயில் வந்தது வேறு.

"உனக்கு இந்த வீட்டை விட்டுப் போகணுமா?"

"அப்பா போனதுலேர்ந்து," என்றார் முர்ரே.

அவர் அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷமும் இந்தச் செங்கல் வீடுகளைக் காப்பாற்ற அவள் கூட்டத்துக்குக் கூட்டம் அலைந்திருக்கிறாள். அவள் திரும்பி வரும்போதெல்லாம் சாப்பாட்டைச் சூடாக வைத்துக்கொண்டு அவர் காத்திருந்திருக்கிறார். ஒரு நாளும் சொன்னதில்லை.

"நீ தினம் களைச்சு வர்ற. எப்பச் சொல்றது?" என்றார்.

மதியம் முழுக்க அவள் டாம்சினுக்குப் போன் போட்டாள். டிரெய்னிங்கில் இருப்பதால் போன் அணைந்திருந்தது. பதிவு செய்துவிட்டுப் போகிற விஷயமா இது? நாலு தடவையும் ஒன்றும் சொல்லாமல் வைத்தாள்.

ஆறு மணிக்குக் கவுன்சில் மண்டபம் நிரம்பிவிட்டது. முதல் இரண்டு வரிசையில் பேஸிலின் ஆட்கள், சட்டையில் ஸ்டிக்கரோடு. பின்னால் ஆதரவுக் கூட்டம், பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்கள். கடைசி வரிசையில் வால்மா, பக்கத்தில் அவளுடைய சக்கர நடைவண்டியைப் பிடித்தபடி முர்ரே. அவர் வருவார் என்று கிளெனிஸ் நினைக்கவில்லை.

கூட்டம் தொடங்குமுன் ஊர்க்காரர்கள் பேச வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிஷம். பேஸில் நிழல் வரைபடம் காட்டினார். குளிர்காலத்தில் மதியம் இரண்டு மணிக்கே தன் வீட்டுச் செடிகளுக்கு வெயில் போய்விடும் என்றார், அதைச் சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே கம்மியது. ஏழாவதாக டாம்சின் வந்தாள். சீருடையை மாற்ற நேரம் இருந்திருக்கவில்லை.

"நான் உங்க ஊர் ஆஸ்பத்திரியில நர்ஸ். இங்க இருக்கறவங்கள்ல நாலஞ்சு பேருக்கு நானே ஊசி போட்டிருக்கேன்," என்று ஆரம்பித்தாள். பேஸில்கூடச் சிரித்தார். "எனக்கு உங்க வீடு வேண்டாம். ஸ்டேஷன் பக்கத்துல ரெண்டு ரூம் வாடகைக்கு வேணும். அதை யாராவது கட்டினாத்தான் நான் குடியிருக்க முடியும். கட்ட விடுங்க."

காரில் தூங்குவதைச் சொல்லவில்லை. தாயின் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மணி அடிக்குமுன்பே முடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.  இந்தப் பெண்ணுக்காகக் கையைத் தூக்க இன்றைக்குக் கிளெனிஸுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது.

ஆறரைக்கு மேயர் கூட்டத்தைத் தொடங்கி, இன்றைய விஷயத்தில் சொந்த ஆதாயம் உள்ளவர்கள் யாராவது உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போல யாரும் எழ மாட்டார்கள் என்று அடுத்த தாளைப் புரட்டினார். கிளெனிஸ் எழுந்தாள்.

"இந்தத் திட்டம் நிறைவேறினா எங்க வீட்டை ஒரு கட்டடக் கம்பெனிக்கு விக்கறதா என் கணவர் மூணு வாரத்துக்கு முன்னால எழுதிக் கொடுத்திருக்கார். எனக்கு இன்னைக்குக் காலைலதான் தெரியும். நான் வெளிய போறேன்."

மண்டபத்தில் சத்தம் கிளம்பியது. ஏப்ரலில் எங்களுக்கு என்ன எழுதிக் கொடுத்தாய் என்று பேஸில் எழுந்து நின்று கேட்டார். பின்னாலிருந்து யாரோ, எதிர்க்கிறது எல்லாம் விலை ஏத்தத்தானா என்றார்கள். ஆதரித்துப் போட இருந்தேன் என்று இன்னும் ஒரே வாக்கியம் சொல்ல அவள் வாயெடுத்தாள். கவுன்சிலின் தலைமை அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். சொல்லக் கூடாது. தாள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். போகும்போது டாம்சினைப் பார்த்தாள். டாம்சின் கடைசி வரிசையில் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து அறையில் பிளாஸ்டிக் தாள் மூடிய தட்டுகளில் முட்டை சாண்ட்விச் இருந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் முக்கால் மணி நேரம் பேசினார்கள். பிறகு பெயர் கூப்பிட்டு ஓட்டு எடுத்தார்கள். ஐந்து, ஐந்து. மேயரின் இரண்டாவது ஓட்டில் திட்டம் தோற்றது. கைதட்டல் நாற்காலிகள் நகரும் சத்தத்தோடு சேர்ந்து வந்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்தவள் டாம்சின். உட்காரவில்லை.

"நீ உள்ள இருந்திருந்தா எப்படிப் போட்டிருப்ப?"

"ஆதரிச்சு."

"எப்ப முடிவு பண்ணின?"

"காலைல. உன் கார்கிட்டேர்ந்து வீட்டுக்கு நடக்கும்போது."

டாம்சின் அதை மெதுவாக யோசித்தாள். களைத்தவர்கள் யோசிப்பது போல, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

"எனக்காகவா, வீட்டை விக்கறதுக்காகவா?"

"எனக்கு அப்ப அது தெரியவே தெரியாதுடி."

"யார்கிட்டயாவது சொன்னியா? ஆதரிச்சுப் போடப் போறேன்னு?"

"அப்பாகிட்ட."

சொல்லும்போதே கிளெனிஸுக்குப் புரிந்தது. இந்த உலகத்தில் அவளுக்குச் சாட்சி ஒரே ஒருத்தர். அவர் பேச்சை இன்றைக்கு யார் நம்புவார்கள்?

"அப்பாகிட்ட," என்று டாம்சின் திருப்பிச் சொன்னாள். கோபம் இல்லை. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டேன் என்று சொல்லும் நோயாளியிடம் தலையாட்டுவது போல ஆட்டினாள். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

திறந்த கதவு வழியாக நடைபாதை தெரிந்தது. அங்கே முர்ரே குனிந்து வால்மாவின் கையைக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார். வால்மா அழுதுகொண்டிருந்தாள். அவரும் இந்தப் பக்கம் பார்த்தார், ஆனால் வரவில்லை.

"எனக்கு இப்பச் சண்டை போடத் தெம்பில்லம்மா," என்றாள் டாம்சின். "இன்னும் ரெண்டு மணி நேரம் ஓட்டணும். வியாழக்கிழமை லீவு. காலைல வர்றேன். வீட்டுல ரெண்டு பேரும் இருங்க. ரெண்டு பேரையும் எதிர்ல வச்சுத்தான் கேக்கணும்."

"அப்பா இருப்பார்," என்றாள் கிளெனிஸ்.

சரி என்று சொல்லிவிட்டு டாம்சின் திரும்பி, சாவியை எடுத்துக்கொண்டே நாலு அடி நடந்தாள். ரெண்டு பேரும் இருங்க என்றதற்கு அம்மா தன்னைச் சேர்க்காமல் அப்பாவை மட்டும் சொன்னது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நின்றாள்.